அத்தானும் நானும் பிடித்த கயிறு

சென்ற ஆண்டு சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நடந்தது இது.

எனக்கு மில்லர்புரத்தில் வீடு. கப்பலில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. கப்பல் வந்துவிட்டால் ராத்திரி, பகல் என்றெல்லாம் பார்க்க முடியாது. அதற்கு நடுவிலும் ஓட்டம் என்ற கிறுக்கு என்னைப் பிடித்திருந்தது. அந்த வருஷம் எப்படியாவது ஒரு முழு மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்று பெயர் கொடுத்திருந்தேன். "ஊர்ல எல்லாரும் பஸ்ஸப் பிடிக்க ஓடுதாங்க. நீங்க எதப் பிடிக்க ஓடுதீங்க?" என்பாள் என் மனைவி.

அப்போதுதான் ஒருநாள் அக்கா வந்தாள். அவள் கணவர், என் அத்தான், கடலில் மூழ்கிச் சங்கு எடுத்துக்கொண்டிருந்தவர். முத்துக்குளிப்பு எங்கள் தலைமுறை பார்க்காதது. சங்குக்காகத்தான் இப்போதும் கடலில் இறங்குகிறார்கள். சர்க்கரை நோய் அத்தானின் இரண்டு கண்களையும் பறித்துக்கொண்டது. அதிலிருந்து மனிதர் கட்டிலைவிட்டு இறங்குவதே இல்லை.

"தெனமும் நடக்கலன்னா அடுத்தது கிட்னிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் கூப்பிட்டா வரமாட்டேங்காரு. நீ கூட்டிட்டுப் போலே" என்று அழுதாள். என் பயிற்சி நேரம் போய்விடுமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

முதல் நாள் அவர் முழங்கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறினார். உள்ளே போய்த் தடவித் தடவி ஒரு கயிற்றை எடுத்து வந்தார். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார். கடலுக்கடியில் இருப்பவரின் கயிற்றை, படகில் இருக்கும் மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது அவன் கவனமாக இருப்பான் என்று ஒரு நம்பிக்கை.

"கலங்கல் தண்ணியில என்னைக்கு மாப்ள எனக்குக் கண்ணு தெரிஞ்சது? கயித்த நம்பித்தான எறங்குனேன். ஒருக்க இழுத்தா நில்லு. ரெண்டு தடவ இழுத்தா ஆபத்து. அம்புட்டுதான்" என்றார்.

சில வாரங்களில் நடை ஓட்டமாயிற்று. "எம்புட்டு நேரந்தாம்ல நடக்கது?" என்று அவரே ஆரம்பித்து வைத்தார். அவர் முகத்தில் பழைய களை திரும்பியது. அக்காவும் கொஞ்சம் சிரித்தாள்.

ஆனால் அவர் வேகத்தில் ஓடினால் மாரத்தானுக்கு ஆகாது. அதனால் விடியும் முன்பே என் ஓட்டத்தை முடித்துவிட்டு, பிறகு போய் அவரை அழைத்துக்கொள்வேன். வீட்டுக்கு, ஆபீசுக்கு, அத்தானுக்கு, எனக்கு என்று நேரத்தைக் கூறுபோட்டு வைத்திருந்ததில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. தூக்கத்துக்கு ஒரு கூறு ஒதுக்க மட்டும் விட்டுப்போயிற்று.

ஒருநாள் ராத்திரி முழுக்கக் கப்பல் வேலை பார்த்துவிட்டுக் கண் மூடாமலே ஓடப் போனேன். வெறும் வயிறு. அதன்பின் அத்தானோடு துறைமுகச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, உப்பளங்களின் வெளிச்சத்தில் கண் கூசியது. கன்டெய்னர் லாரிகள் இரைந்துகொண்டு போயின. கால் துவண்டது தெரியும். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உடம்பில் உப்பு வெகுவாகக் குறைந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் மலை மலையாக உப்பு குவிந்து கிடக்கும் சாலையில் விழுந்தவனுக்கு! என்னைக் கொண்டுவந்து சேர்த்த லாரி ஓட்டுநர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நடுரோட்டுல ஒரு ஆளு சட்டையக் கழத்திக் கையில சுழட்டிக்கிட்டு நிக்காரு அண்ணாச்சி. காலையிலேயே குடிச்சிட்டாம்போலன்னு ஹாரன் அடிச்சா நகரவே இல்ல. எறங்கிச் சண்டைக்குப் போனாத்தான் தெரியுது, கண்ணு தெரியாதவருன்னு. நான் ஒரு நிமிசம் அசந்திருந்தாலும்..." என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் விழுந்ததும் அத்தான் என் மூக்கில் கைவைத்து மூச்சைப் பார்த்திருக்கிறார். கடல்காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்று பார்த்தே ஓரம் எதுவென்று தெரிந்துகொண்டு, என்னை அங்கே இழுத்துப் போட்டிருக்கிறார். சத்தம் போட்டும் யாரும் நிற்காததால் லாரிச் சத்தத்தை நோக்கித் தானே நடந்திருக்கிறார்.

அவர் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். முழங்கை இரண்டும் சிராய்ந்திருந்தன.

"கயிறு செத்துப்போச்சு மாப்ள" என்றார். "நான் இழுத்தும் அந்தப் பக்கம் அசைவே இல்ல. கடல்ல எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்ல. ஒனக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா ஒங்க அக்கா மொகத்துல எப்படிலே முழிப்பேன்?" அந்தப் பார்வையற்ற கண்களில் நீர் வழிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அந்த வருஷம் மாரத்தான் ஓடவில்லை. இப்போதும் அவரோடுதான் ஓடுகிறேன், வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு, போதுமான அளவு தூங்கியெழுந்து. அத்தானுக்கு உதவி செய்கிறேன் என்று அதுவரை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கண் தெரியாத மனிதர் ஒருவர் எனக்காக லாரிகளுக்கு எதிரே போய் நின்ற அந்தக் காலைக்குப் பிறகு, அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை.