ஹெட்மாஸ்டரும் என் மட்டக்குதிரையும்

ஹெட்மாஸ்டர் சிதம்பரநாதன் சார் போய்விட்டார் என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தவன் பள்ளிக்கூட வாட்ச்மேன் மாயாண்டி. பெரியகுளம் ஆஸ்பத்திரியில் விடியற்காலம் உயிர் பிரிந்ததாம். வீரபாண்டிக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்கு உடலை எடுத்துப் போகிற வழியில் நம் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நேரம் வைப்பார்களாம். "ஐயா வெரசா வரணும்னு ஆபீஸ்ல சொன்னாக" என்றான். அடுப்படியிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். ஏழு வருஷமாக, சாயங்காலம் என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் "கட்டையில போவான்" என்று அந்த மனிதரை வாழ்த்தி வந்தவள் அவள்.

"ஆத்தீ, நாஞ் சொல்லித்தான் போயிட்டாகளோ?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சொல்லிப் பலிக்கிறதா இருந்தா ஏழு வருஷத்துக்கு முன்னாலயே பலிச்சிருக்கணும். போயி குளிக்கத் தண்ணி எடுத்து வை" என்றேன்.

இப்போது நினைவு மலர் போடுகிறார்கள். "அவரோடு அதிக நாள் வேலை பார்த்தவர் நீங்கள்தான், நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது?" என்று கேட்டார்கள். எழுதுகிறேன். கடமை வீரர், கண்டிப்பின் சிகரம் என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். அவரை அறிந்த மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு வருஷம் அவரோடு சண்டை போட்டவன் நான். சண்டை என் குதிரையைப் பற்றியது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்களுக்கான இந்த டிரெய்னிங் ஸ்கூலில் நான் தமிழாசிரியர். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. போடிப் பாதையில் மூன்று மைல் தள்ளி இருக்கிற எங்கள் ஊரிலிருந்து ஒரு மட்டக்குதிரையில் வருவேன். கழுதையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். பழுப்பு நிறம், பெட்டைக் குதிரை, அதிர்ந்து ஓடாது. முன்பிருந்த ஹெட்மாஸ்டர் காலத்தில் வகுப்பு வாசற்படி வரைக்கும் வந்து இறங்குவேன். மூன்று படி ஏறினால் கரும்பலகை. குதிரை வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை நிற்கும். யாருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

பிறகு சிதம்பரநாதன் சார் வந்தார். அவர் வந்த வருஷம் ஹாஸ்டல் ஒரு காடாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் கிளி வளர்த்தான். ஒருவன் கட்டிலுக்கு அடியில் சண்டைச் சேவல் வைத்திருந்தான். கூடலூர்ப் பையன் ஒருவன் குமுளி மலையிலிருந்து ஒரு குட்டிக் குரங்கைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டு வந்துவிட்டான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி பிரார்த்தனை மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது அந்தக் குரங்கு அவர் தலைப்பாகையை உருவிக்கொண்டு உத்தரத்தில் ஏறிவிட்டது. அவிழ்ந்து தொங்கிய முனையைப் பிடித்து இழுக்க ஒருவன், வாழைப்பழம் காட்ட ஒருவன். அதிகாரி மொட்டைத் தலையோடு நின்றார். அன்று மாலையே ஹெட்மாஸ்டர் விதி எழுதினார்.

ஆங்கிலத்தில்தான் எழுதினார். அதில் 'பெட்' என்று ஒரு வார்த்தை. வீட்டில் செல்லமாக வளர்க்கிற ஜீவன் என்று அர்த்தம். போர்டில் தமிழில் எழுதி மாட்ட வேண்டும் என்று என்னிடம்தான் தந்தார். 'செல்லப் பிராணிகள்' என்று முதலில் எழுதினேன். செல்லமாவது கொஞ்சலாவது, ஒரு பள்ளிக்கூடத்துப் போர்டில் இதென்ன தொட்டில் பேச்சு என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. 'செல்ல'த்தை அடித்துவிட்டு, 'பிராணிகளை உள்ளே கொண்டு வரக் கூடாது' என்று கம்பீரமாக எழுதிக் கொடுத்தேன். பெயிண்டர் அதைப் போர்டில் எழுதி, கேட் தூணில் மாட்டினான். மறுநாள் காலை நான் குதிரையில் வந்தபோது மாயாண்டி கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு நின்றான். "ஐயா கோவிச்சுக்கிறாதீக. குருதையும் பிராணிதானாம்ல" என்றான்.

நேராக ஆபீஸுக்குப் போனேன். நேராக என்றால் கம்பை ஊன்றிக்கொண்டு, அந்த மைதானம் முழுவதும். நல்ல கால் உள்ளவன் ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் கடந்துவிடுகிற தூரம். எனக்குப் பாதி பீரியட் போய்விடும். இங்கிலீஷில் இருப்பது வேறு, என் குதிரை செல்லமும் இல்லை ஒன்றும் இல்லை, எனக்குக் கால் அது என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"போர்டுல இருக்கது யாரு எழுதின தமிழு?"

"நான் எழுதினதுதான் சார். தப்பா எழுதிட்டேன். மாத்தி எழுதித் தாரேன்."

"இப்ப மாத்தினா உங்க வசதிக்கு மாத்தினேன்னு பயலுக சொல்லுவாங்க. ஒருத்தருக்கு விட்டா ஒம்பது பேரு வருவான்யா. நாளைக்கு ஒருத்தன் குரங்கைக் கொண்டாந்து, இதுதான் எனக்குக் கைன்னு சொல்லுவான்."

அவருடைய பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும். கேட்கும்போது நியாயம் மாதிரியே இருக்கும். வெளியே வந்து மைதானத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் வயிறு எரியும். வேலையை விட்டுவிடலாம் என்றால் மூன்று பெண் பிள்ளைகள். ஒற்றைக் காலோடு எந்தக் காட்டில் போய் நான் ஏர் பிடிப்பது? அன்றிலிருந்து குதிரையைக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தில் கட்டிவிட்டு நடந்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளைக்காரத் துரை பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். குதிரையில்தான் வந்தார். ஆளுயர வெள்ளைக் குதிரை. கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறக்கச் சொல்லி ஹெட்மாஸ்டரே முன்னால் போய் நின்றார். குதிரை மைதானத்தைச் சுற்றி வந்தது, பூச்செடியில் வாய் வைத்தது, ஆபீஸ் வாசலில் கட்டப்பட்டது. துரை போன பிறகு நான் விடுவேனா? எல்லா வாத்தியார்களும் இருக்கும்போதே கேட்டேன். "சார், வந்துட்டுப் போனது பிராணிதானே?"

"அது டூட்டியில வந்த குதிரை" என்றார்.

"என் குதிரை மட்டும் என்ன, திருவிழாப் பார்க்கவா வருது? அதுவும் டூட்டியிலதான் சார் வருது."

டிரில் மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்த பாவத்துக்கு ஒரு மாதம் அவருக்கு ஹாஸ்டல் மேற்பார்வை விழுந்தது. துரை வருகிற நாட்களில் அந்த விதி நிறுத்திவைக்கப்படும் என்று மட்டும் சர்க்குலர் வந்தது. அதைத் தமிழில் எழுதும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விழுந்தேன். நம் மைதானத்துச் செம்மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பு வழுக்கிக்கொண்டு போனது, நான் முகங்குப்புறக் கிடந்தேன். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, மழைச் சத்தத்தில் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. குதிரைக்குக் கேட்டிருக்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு திறந்திருந்த கேட் வழியாக வந்து என் தோளில் மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் ஹெட்மாஸ்டர் ஆபீஸிலிருந்து குடையோடு ஓடி வந்தார். வந்ததும் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். அவர் தொப்பலாக நனைந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன்.

குடையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இது எப்படி உள்ள வந்துச்சு?"

"அதுக்குக் காலு நல்லா இருக்கு சார். நடந்து வந்துச்சு" என்றேன், சேற்றில் கிடந்தபடியே.

மாயாண்டி ஓடி வந்தான். என் கையைப் பிடித்துத் தூக்கக் குனிந்தவனிடம் அவர் சொன்னார்: "முதல்ல அதை வெளிய கட்டிட்டு வா." மாயாண்டி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு குதிரையை இழுத்துக்கொண்டு போனான். அவன் கட்டிவிட்டுத் திரும்பி வரும்வரை நான் தரையில் கிடந்தேன், அவர் எனக்குக் குடை பிடித்தார். மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதையெல்லாம் படித்துவிட்டேன். அவர் எப்படிப்பட்டவர் என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு காட்சியைத்தான் சொல்வேன். மறுநாள் பிராணி உள்ளே நுழைந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

போன வருஷம் அவருக்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் வந்தார். கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். உள்ளேயே போகலாம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். "போர்டு எனக்கும் சேத்துத்தான்" என்றார். பையன்கள் கண் கலங்கிவிட்டார்கள். இந்த மலரில் மூன்று பேர் அதை எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். நான் அன்றைக்கு அவர் பக்கத்தில் நடந்தேன், ஏனென்றால் முதல் தடவையாக எங்கள் இருவர் நடையும் ஒத்துப்போனது. கொடிக்கம்பம் வரை வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"இத்தனை வருஷமா இதை எப்படிய்யா நடந்தீக?" என்றார்.

"வேற வழி நீங்க விடலையே சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, நான் பார்த்தேன். சரி, ஆளுக்கு உறைத்துவிட்டது, நாளைக்கு நம் குதிரை உள்ளே வரும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவியிடம்கூடச் சொன்னேன். "பாக்கலாம் பாக்கலாம்" என்றாள். காலையில் போர்டைப் பார்த்தேன், ஓர் எழுத்து மாறவில்லை. அடுத்த நாளும் மாறவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் வண்டியை விட்டு இறங்கி நடந்தார், நான் குதிரையை விட்டு இறங்கி நடந்தேன். அதுவரைக்கும் அவருக்கு என் வலி தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். தெரியாமல் செய்பவனை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர் தெரிந்த பிறகும் ஒரு வருஷம் செய்தார். தன்னையும் சேர்த்து வதைத்துக்கொண்டால் அது நியாயமாகிவிடும் என்று யார் இவருக்குச் சொன்னது?

அவர் இறந்த அன்று பதினோரு மணிக்கு உடல் வந்தது. யுத்த காலம், பெட்ரோலுக்கு வழியில்லை, பெரியகுளத்திலிருந்து இரட்டை மாட்டு வண்டியில்தான் கொண்டு வந்தார்கள். மேலே வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. அவருடைய மகன் செருப்பில்லாமல் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்தார். பையன்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். வண்டி கேட்டுக்கு வந்ததும் மாயாண்டி கதவை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அவருக்கு அடுத்தபடி பள்ளிக்கூடத்தில் நான்தான் மூத்தவன்.

"ஐயா, மாட்டை இங்கன அவுத்துட்டு ஆள வச்சுத் தூக்கச் சொல்லவா? என்ன செய்யணும்னு சொல்லுங்க."

கிளார்க் என் காதருகே வந்து, "சார் இருந்தா அவுக்கத்தான் சொல்லியிருப்பாக. அதுதான் அவருக்கு மரியாதை" என்றார்.

என் மனசில் அப்போது என்ன ஓடியது என்பதையும் மறைக்கவில்லை. அவிழ்க்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நாலு பேர் தோளில் ஆடி ஆடி, இந்த மைதானம் முழுக்க இவரும் ஒரு தடவை போகட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். செத்தவருக்கு இனி என்ன தெரியப்போகிறது? அந்த மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"விடுப்பா" என்றேன்.

மாயாண்டி இரண்டு கதவையும் திறந்தான். மாடுகள் உள்ளே போயின. மண்டபத்து வாசலில் போய் நின்றன. ஆபீஸுக்கு நேரே ஒரு மாடு சாணம் போட்டது. மாலை போட்டோம், இரண்டு வார்த்தை பேசினோம், வண்டி வீரபாண்டிப் பாதையில் போய்விட்டது. மறுநாள் நான் குதிரையை விட்டு இறங்காமலேயே கேட்டைத் தாண்டினேன். மாயாண்டி சலாம் வைத்தான். வாசற்படியில் இறங்கி மூன்று படி ஏறினேன். வகுப்பில் இன்னும் பாதிப் பேர் வந்திருக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் வந்து பழக்கமில்லாததால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அவர் நினைவாகத் தங்களிடம் என்ன இருக்கிறது என்று மலரில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒருவரிடம் அவர் கொடுத்த பேனா இருக்கிறதாம், ஒருவரிடம் அவர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட். என்னிடம் இருப்பது 'விடுப்பா' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூட முழுசாகச் செலவாகவில்லை. இத்தனை வருஷமும் வைதுகொண்டே இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில், அதைச் சொல்வது பெரிய கஷ்டமாக்கும், ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியுமாக்கும், பாவம் மனுஷன் முடியாமல்தான் சொல்லவில்லையாக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.