நான் செய்து வைத்த சமாதானம்

புருவம் எடுக்கும்போது தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளர்தான். ஒரு கை நெற்றியில், ஒரு கை இமைமேல். சிங்கப்பூர் தேக்காவில் ஓர் அழகு நிலையத்தில் பதினாறு வருடமாக நூல் பிடிக்கிறேன். இடது கையைத் தூக்க முடியாமல் ஒருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். அவள் வேற்றாள் இல்லை. என் கணவரின் சித்தப்பா மகனைக் கட்டிக்கொண்டு மதுரைப் பக்கத்திலிருந்து சுவா சூ காங்குக்கு வந்தவள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா," என்றாள். நான் நூலை வைத்துவிட்டுத் திரையை இழுத்து மூடினேன். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து வாங்கும் அடிகளையெல்லாம் சொன்னாள். கடைசியில், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்," என்றாள்.

சரி என்றேன். வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். கட்டினவரிடம் சொல்வதெல்லாம் ஒரு கணக்கா என்று அப்போது நினைப்பு.

நம் குடும்பங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையென்றால் இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, சோற்றைப் போட்டுப் புத்தி சொல்லி அனுப்புவது. சண்டைக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியாத வழக்கம். எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாஞ்சாங்கில் என் வீட்டுக்கு இருவரையும் வரச்சொல்லி மட்டன் பிரியாணி செய்தேன்.

"தம்பி, இனிமே அவ மேல கை வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

அவன் சிரித்தான். "சரிங்க அண்ணி. உங்க பேச்சைத் தட்டுவேனா? இவதான் சின்ன விஷயத்தைப் பெருசாக்கிடுறா லா."

அவள் தலை நிமிரவில்லை. அவள் கையாலேயே அவனுக்குப் பரிமாறச் சொன்னேன். செய்தாள். இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று மாலை அவர்கள் வீட்டில் அவன் விட்ட அறையில் அவளுக்குக் காது சவ்வு கிழிந்தது. எனக்கு அது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். போன் செய்தால் அவன் எடுப்பான். "நல்லா இருக்கா அண்ணி, தூங்குறா." நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அவளை மீட்டது அவள் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. லிஃப்டில் அவளைப் பார்த்தவர், என்ன செய்ய நினைக்கிறாய் என்று மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாராம். அவள் தயாராகும்வரை நான்கு மாதம் பொறுத்திருந்தார். அவளுடைய பாஸ்போர்ட்டைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். குடும்பச் சேவை நிலையத்துக்குக் கூடவே போனார். யாரிடமும் மூச்சு விடவில்லை. இதெல்லாம் பின்னால் அந்த அம்மாவே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை. புத்தி சொல்லத்தான் எனக்கு வாய் இருந்தது.

வீட்டைவிட்டுப் போன மூன்றாம் நாள், புது எண்ணிலிருந்து என்னை அழைத்தாள். குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். "எங்கடி இருக்கே? துணிமணி, சாப்பாடு, எதாச்சும் கொண்டாரேன்."

"வேணாங்க்கா. நான் நல்லா இருக்கேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றாள். "நான் இருக்கிற இடம் யாருக்கெல்லாம் தெரியக்கூடாதுன்னு இங்க காப்பகத்துல கேட்டாங்க. அவர் பேரைச் சொன்னேன். அடுத்து உங்க பேரைச் சொன்னேன்."