வாசல் சிங்கமும் ஒரு பொத்தானும்

தணிக்கையாளர் காவ் ஜென்ஹுவா கணக்கைத் திறக்குமுன் கம்பெனியின் வாசலைத்தான் தணிக்கை செய்வார். காரை நிறுத்தச் சொல்லி, இருபுறமும் நிற்கும் கல் சிங்கங்களைக் கண்ணாலேயே அளப்பார். "சிங்கம் ஆளுயரம் இருக்கு. உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்பார்.

போன குளிர்காலத்தில் வென்ஜோ நகரப் பக்கம் ஓர் அரசு ரசாயன ஆலைக்குப் போனார். முற்றத்தில் நிலக்கரி மலைபோல் குவிந்திருந்தது. வெளியே குளிர். கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்து அளவைக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டார். பிறகு நண்டும் அரிசி மதுவும் வந்தன. ஆலைக்குக் குறையில்லாச் சான்று கிடைத்தது.

"அண்ணே, குவியலுக்கு அடியில பாதி மண்ணுன்னு பேசிக்கிறாங்களே," என்றாள் அறிக்கையில் அவருடன் கையெழுத்திடும் இளைய தணிக்கையாளர் லூ.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம், லூ. அது சாஞ்சாலும் சர்க்கார் தாங்கிப் பிடிக்கும். நம்ம ஆபீசுக்கு சோறு போடுறதும் அவங்கதான்."

சோறு போடுபவர் யார் என்ற விஷயத்தில் மட்டும் மனிதர் பொய் சொல்வதில்லை.

மறுநாள் டிங் மேலியின் பொத்தான் பட்டறை. வாசலில் சிங்கமில்லை, சொறிநாய் ஒன்று படுத்திருந்தது. அங்கே அவருக்குக் குளிரவேயில்லை. பட்டறையில் வேலை செய்யும் பெண்களைக் கொண்டு மூட்டைகளை எடை போடவைத்தார். ஒன்றைக் கொட்டி எண்ணவும் வைத்தார். எல்லாம் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. அதுவே அவருக்குச் சந்தேகம் தந்தது.

"இவ்வளவு சுத்தமா இருக்குன்னா யாரோ உக்காந்து தொடச்சிருக்காங்க," என்றார்.

அவர் கோட்டில் நடுப்பொத்தான் இல்லாததை டிங் கவனித்தாள். தன் சரக்கிலிருந்தே ஒன்றை எடுத்துத் தைத்துக்கொடுத்தாள்.

"சார், சந்தேகம்னு ஒரு வரி வந்தாப் போதும், பேங்க்காரன் கடனைப் புதுப்பிக்க மாட்டான். பட்டறையைப் பூட்டிட்டு இந்தப் பொண்ணுங்கள எல்லாம் ஊருக்கு அனுப்பணும். கணக்குல என்ன தப்புன்னு சொல்லுங்க," என்றாள் நூலைக் கடித்தபடி.

"தப்பு ஒண்ணுமில்ல தங்கச்சி. சின்ன கம்பெனி. நாளைக்கு நீ கவுந்தா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு என் கழுத்தத்தான் பிடிப்பாங்க."

பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். 'இந்நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பது ஐயத்துக்குரியது' என்ற வரி அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதி ஈரமாக்கி, அழுத்திக் குத்தினார். டிங் ஊசியைப் பஞ்சுத் திண்டில் செருகினாள்.

வெளியே காற்று முகத்தில் அறைந்தது. காவ் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். நாயைத் தாண்டியவர் நின்று, புதுப் பொத்தானைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.