ஏரிக்கரைக் கொட்டகையில் விளக்குப் பிடித்த கோடை

நாடகக் கொட்டகை வாசலில் நிற்கிறவனுக்கு எந்த நாடகத்திலும் முதல் பத்து நிமிஷம் என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்தப் பத்து நிமிஷமும் அவன் தாமதமாக வந்தவர்களுக்கு நாற்காலி தேடிக்கொண்டிருப்பான். கல்யாண மண்டபம், சினிமா தியேட்டர், ஆஸ்பத்திரி என்று எங்காவது வாசலில் நின்று மற்றவர்களை உள்ளே அனுப்பிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி. கால் வலியைப் பற்றி உங்களிடம் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்த வேலை ஐம்பத்திரண்டாவது வயதில் வாய்த்தது. சென்னையிலிருந்து ஒரு நாடகக் குழு வந்து, பழவேற்காட்டில் ஏரிக்கரை ஓரம், டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்து வெட்டவெளியில், சவுக்குக் கம்பும் கீற்றும் போட்டு ஒரு கொட்டகை கட்டியது. கோடை முழுக்க சனி, ஞாயிறு சாயங்காலம் நாடகம். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த காலத்துக் கதை. நடிகர்கள் சென்னைக்காரர்கள். வாசல், திரை, விளக்கு, ஒலிபெருக்கிக்கு உள்ளூர் ஆட்கள்.

அந்த மாசியில்தான் நாங்கள் போன பைபர் போட் முகத்துவாரத்தில் கவிழ்ந்திருந்தது. ஏரி கடலில் சேர்கிற இடம் அது. அலை அங்கே உடைந்து புரளும். நாலு பேரும் உயிரோடு கரை சேர்ந்தோம். போட் ஏழுமலையுடையது, அவன் என் மனைவியின் தம்பி. உடைந்ததை ஒட்டி, எஞ்சினைப் பிரித்து மாட்ட அவனுக்குக் கோடை பூராவும் ஆனது. அதுவரை சாயங்காலங்களில் தோணியில் ஏரிக்குள் இறால் பிடிக்கப் போய்வந்தான். ஆனி முதல் வெள்ளிக்கிழமை மறுபடி இறக்குவது என்று நாள் குறித்தான். நாலாவது ஆள் நான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அலை உடைவதைப் பார்த்தாலே எனக்குப் பயம் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று பயம் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் அந்தக் கோடையில் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. வாசல் வேலை எனக்குப் பொருந்திப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கறுப்புச் சட்டை

கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். இருட்டில் நாம் நடமாடுவது பார்க்கிறவர் கண்ணில் படக்கூடாதாம். டவுனில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் ரஹீம் பாய்தான் எங்களுக்கு மேஸ்திரி மாதிரி. எனக்கு ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுதான் நம்ம தொழிலு" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து டவுனுக்குப் பாலத்தைக் கடந்துதான் வர வேண்டும். மத்தியானம் மூன்று மணி, கத்திரி வெயில், கறுப்புச் சட்டை, சைக்கிள். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் போட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஏழுமலை. அவன் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று வேகமாக மிதித்தேன். கறுப்புச் சட்டை பகலில் வேறு மாதிரி வேலை செய்யும் என்பது அப்போதுதான் உறைத்தது. குப்பத்துக்கே கேட்கிற மாதிரி அவன் கத்தினான்: "இன்னா மாமா, இந்த வெயில்ல மலைக்கு மாலை போட்டுகினியா?"

முதல் வரிசை

எங்கள் பக்கம் திருவிழாவில் கூத்து நடந்தால் முதலில் எதையாவது கொண்டுபோய் வைத்தவர்களுக்கு இடம். பாய் விரிப்பார்கள், துண்டு போடுவார்கள். பழைய வலையைப் போட்டு வைத்தவர்களும் உண்டு. நாடகக் குழுவை நடத்துகிற டைரக்டரம்மாவுக்கு இது தெரியாது. முதல் வரிசை வெளியூரிலிருந்து வருகிற விருந்தினர்களுக்கு என்று சொல்லியிருந்தார். முதல் சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் கொட்டகையைத் திறந்து பார்த்தால், முதல் வரிசையில் ஐந்து நாற்காலியில் ஐந்து அன்னக்கூடைகள். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, கழுவக்கூட இல்லாமல், அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போயிருந்தார்கள் எங்கள் குப்பத்துப் பெண்கள்.

பொன்னேரியிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் மூக்கில் கைக்குட்டையோடு என்னை முறைத்தார். நான் டீக்கடைக்கு ஓடினேன். திரும்பி அவரிடம் ஓடினேன். மறுபடி டீக்கடைக்கு. குப்பத்தில் மீன் விற்கிற சரோஜாவிடம், "சரோஜாக்கா, அவருக்கு நாத்தம் தாங்கலியாம், கூடைய மட்டும் வெளில வெச்சிட்டு வந்து உக்காருங்க" என்று கெஞ்சினேன். அவள் கிளாஸைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "கூத்து பாக்கறது கண்ணாலதான? மூக்க மூடிகினு பாக்கச் சொல்லு அந்தாள."

ஐஸ் ஷெட்டு

டச்சுக் கேப்டனாக நடித்த தம்பிக்குக் கம்பளிக் கோட்டு, கால்முட்டி வரை சாக்ஸ், தலையில் மஞ்சள் டோப்பா. மே மாசத்தில். இரண்டாவது காட்சிக்கும் நாலாவது காட்சிக்கும் நடுவில் அவருக்கு இருபது நிமிஷம் ஓய்வு உண்டு. ஒரு நாள் ஆளைக் காணோம். நானும் ரஹீம் பாயும் கொட்டகையைச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் மீனுக்கு ஐஸ் வைக்கிற ஷெட்டிலிருந்து அங்கே வேலை பார்க்கிறவர் ஓடிவந்தார். ரஹீம் பாயைத் தனியாக இழுத்துப்போய் ரகசியமாகக் கேட்டார்: "பாய், உள்ள ஒரு வெள்ளைக்காரன் ஐஸ் பொட்டி மேல உக்காந்துகினு கீறான். உன் ஆளா, இல்ல கல்லறைலேர்ந்து வந்ததா?"

ரெக்கார்டு கடல்

நாடகம் தொடங்கும்போது கடல் சத்தம் வர வேண்டும். டைரக்டரம்மா சென்னையிலிருந்தே பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டாவது வாரம், அந்தச் சத்தத்தோடு திரை விலகி, "சித்திரை மாதம், கப்பல் வந்துவிட்டது" என்று நடிகை சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இது வாடைக் காத்துல அடிக்கிற அலைமா, சித்திரைல இப்படி அடிக்காது" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நடிகை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

டைரக்டரம்மா கோபப்படவில்லை. மறுநாள் காலை என் கையில் ஒரு சின்ன ரெக்கார்டரைக் கொடுத்து, "நீங்க கடல்காரர். சரியான சத்தத்தை நீங்களே பிடிச்சிட்டு வாங்க" என்றார். எங்கள் குப்பத்துக் கரைக்குப் போனேன். போட்டுகள் ஏற்றி வைத்திருக்கிற இடம் வரை நடந்தேன். அங்கிருந்து தண்ணீருக்கு முப்பது அடி இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் நடந்த முப்பது அடி. அதைத் தாண்டக் கால் வரவில்லை. வெயிலில் மணல் சுடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். இந்த வயதில் கடலிடம் பிச்சை கேட்பதுபோல நிற்கிற என்னை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

டைரக்டரம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "தேசிங்கு சார், இதுல காத்து மட்டும்தான் இருக்கு. கடல் எங்க?"

ஒட்டுப்பலகைக் கல்லறை

மேடையில் வைப்பதற்காக ரஹீம் பாய் ஒட்டுப்பலகையில் இரண்டு கல்லறைக் கற்கள் செய்து, பெயிண்ட் அடித்து, எலும்புக்கூடும் வரைந்திருந்தார். காய்வதற்காக அவற்றை வாசலில் சாத்தி வைத்திருந்தோம். நிஜக் கல்லறையைப் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் நேராக இங்கே வந்து இறங்கியது. ஆளுக்கொரு பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்பா குழந்தைகளுக்கு டச்சுக்காரர் வரலாற்றை விளக்க ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், இது நாடகத்துக்குச் செஞ்ச பலகை. நிஜமானது அந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கு. கல்லுல செதுக்கினது, எவ்வளவோ நல்லா இருக்கும்" என்றேன்.

அவர் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். சுவரையும் பார்த்தார். வெயிலையும் பார்த்தார். அவர் சொன்னதை நினைத்து நான் அன்றிரவு தூங்கவில்லை. கடலில் போக வேண்டியவன் கடல் சத்தத்துக்குக் காவல் நிற்கிறேனே, என்னைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று புரண்டு புரண்டு படுத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அங்க கேட்டு பூட்டியிருக்கு சார். நமக்கு இதுவே போதும்."

மூன்று சுற்று

வைகாசிக் கடைசியில் விளக்குப் பார்க்கிறவர் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டார். ரஹீம் பாய் என்னைச் சவுக்குக் கம்பத்து மேடையில் ஏற்றிவிட்டார். உயரம் எனக்குப் பயமில்லை. நாடகத்தின் கடைசியில், டச்சுக் கப்பலில் அடிமையாக ஏற்றப்பட்ட நெசவாளியின் மனைவி கரையில் நின்று, கப்பல் திரும்பி வராதா என்று விளக்கைக் காட்டுவாள். அந்த நடிகையின் கையிலிருப்பது வெறும் கூடு. நிஜ வெளிச்சத்தை நான் மேலிருந்து ஏரியைப் பார்த்துக் காட்ட வேண்டும். அதுவரை பழைய ஆள் ஒரு சின்ன விளக்கை அசைக்காமல் காட்டிவந்தது டைரக்டரம்மாவுக்குப் போதவில்லை. "பெரிய லைட்டா எடுத்து மூணு தடவை நல்லா சுத்துங்க" என்றார் டைரக்டரம்மா. ஒத்திகை காலை பதினொரு மணிக்கு நடந்தது. நான் சுற்றியதை அந்த வெயிலில் யாரும் பார்த்திருக்க முடியாது.

ஏழுமலை போட்டை இறக்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நான் விளக்குப் பிடித்த முதல் நாள் அதுதான். பொழுது சாய்ந்து, ஏரி சாம்பல் நிறமாகியிருந்தது. நடிகை கூட்டைத் தூக்கினாள். நான் விளக்கை மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது சுற்றிலேயே ஏதோ தப்பு என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் பக்கம் கரையிலிருந்து ஏரியைப் பார்த்து மூன்று முறை விளக்கைச் சுற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்துவிட்டது, வாருங்கள். அதைப் பார்த்தவன் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு வருவான். மாசியில் எங்களுக்காகவும் யாரோ ஒருவர் அப்படிச் சுற்றியதால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். டைரக்டரம்மாவுக்கு இது தெரிய வழியில்லை. எனக்கு எப்படி மறந்தது? கடலை மறக்க வேண்டும் என்று பாடுபட்டதில் இதையும் சேர்த்து மறந்துவிட்டேனா?

தண்ணீரில் கூச்சல் கேட்டது. இறால் பிடித்துக்கொண்டிருந்த மூன்று தோணிகள் கரையில் வந்து மோதின. முதல் ஆளாக இடுப்புவரை நனைந்து, தோளில் கயிற்றோடு மேடை மேல் ஓடி வந்தவன் ஏழுமலை. டச்சுக் கேப்டனின் கோட்டைப் பிடித்து உலுக்கி, "எங்க கவுந்தது? எத்தினி பேரு?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாதுங்க" என்றார் கேப்டன். சென்னையிலிருந்து நாடகம் பார்க்க வந்திருந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். குப்பத்துக்காரர்களும் எழுந்தார்கள், ஆனால் கை தட்டவில்லை. ஆண்கள் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள், பெண்கள் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

நான் இறங்கி வந்து, "யாரும் கவுந்துடல. நான்தான் சுத்தினேன், நாடகத்துக்கு" என்று மேடையில் நின்று சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். ஏழுமலை அடிக்கவில்லை. அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "வலைய அறுத்து வுட்டுட்டு வந்தேன் மாமா" என்றான்.

கொட்டகை காலியான பிறகு அவன் பக்கத்தில் போய் நின்றேன். அதற்கு மேல் தள்ளிப்போட என்னிடம் ஒன்றும் இல்லை. "ஏழுமல, வெள்ளிக்கிழமை நான் வரல. மாசிலேர்ந்தே பயம். அலையப் பாத்தா கால் நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு உன் எடத்துல நான் இருந்திருந்தா வலைய அறுத்துட்டு வந்திருப்பனானு எனக்கே தெரியல" என்றேன். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கோழை என்று சொல்வான், அக்காவிடம் சொல்வான், குப்பமே சிரிக்கும் என்று நான்கு மாசமாக நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசனம் ஒன்றையும் அவன் பேசவில்லை. கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சலிப்போடு கேட்டான்: "பயமா கீதுனா அப்பவே சொல்லித் தொலைக்கறதுதான மாமா? இன்னிக்கு நாயித்துக்கெழம, நாலு நாள்ல நான் எங்க போயி ஆளு புடிப்பேன்?"

அந்த வெள்ளிக்கிழமை போட்டில் என் இடத்தில் அவனுடைய சகலை உட்கார்ந்து போனான். நானோ வருகிறவர்களையெல்லாம் அவரவர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, எனக்கென்று ஒரு நாற்காலி இல்லாமல், ஒவ்வொரு கோடைக்கும் வாசலில் நிற்கிற வேலையில் நிரந்தரமாகிவிட்டேன்.