பொக்கை வாயில் பிழைத்த விதைகள்

விதைக் காப்பகத்தில் அவளுக்கு ஸ்வெட்டர் அக்கா என்று பேர். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, குளிரறைக்குள் போய் வருவதற்காக ஸ்வெட்டரும் கையுமாகத் திரிகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் காயவைத்து, டப்பாவில் அடைத்து, குளிரில் வைத்த விதைகள் வருஷக்கணக்காகத் தூங்கும், எழுப்பினால் முளைக்கும். கைராசிக்காரி என்று பேர் எடுத்திருந்தாள்.

ஒரே ஒரு மரம் மட்டும் அவளுக்கு மசியவில்லை. மலைக்காட்டில் விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருந்த பழமரம் அது. தனக்குத் தோன்றிய வருஷத்தில்தான் காய்க்கும். விதை காய்ந்தாலும் செத்தது, குளிர்ந்தாலும் செத்தது. ஈரமாக வைத்தாலோ, ஒட்டியிருந்த சதையில் பூஞ்சணம் பிடித்தது. சதையைச் சுரண்டினால் மெல்லிய தோல் கிழிந்து, பூஞ்சணம் அந்த வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. போன தடவை வந்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை பழக்கூடை வந்து இறங்கியது லீவு நாளில். ஆபீசில் ஆளில்லை, பழமோ கனிந்து வழிகிறது. வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

"எல்லாரும் கொஞ்சம் வாய் கொடுங்க" என்று ஆளுக்கொரு கிண்ணத்தை நீட்டினாள். "கடிக்கக் கூடாது. சதையைச் சப்பிட்டு விதையை இதுல போடணும்."

"ஊர்ல கை கொடுன்னு கேப்பாங்க, இவ வாய் கொடுன்றா" என்றபடி பஸ் ஓட்டும் கணவன் ஒன்றை வாயில் போட்டான். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. "யம்மா! இந்தப் புளிப்பையா காப்பாத்தப் போறே?"

மகள் இரண்டோடு ஓடிவிட்டாள். மாமனார் மட்டும் நாற்காலியைக் கூடைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொக்கை வாய் மனிதர். கட்டிய பல் செட்டைப் பெட்டியைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை. பழத்தை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, பளபளவென்று விதையை வெளியே விட்டார்.

"நல்லாத்தானே இருக்கு! இன்னொண்ணு கொடும்மா."

பொழுது சாய்வதற்குள் கூடை காலி.

விதைகளைக் கழுவி, பூஞ்சண மருந்தில் நனைத்து, ஈர மரத்தூளில் கிண்ணத்துக்கொரு டப்பாவாக வைத்தாள். மூச்சு விடட்டும் என்று மூடியில் ஓட்டை போட்டாள். சில வாரம் கழித்து ஆபீசில் வைத்துத் திறந்தால், அவளுடையதும் கணவனுடையதும் பாதிக்குப் பாதி அழுகல். பல் பட்ட கீறல் அப்படியே தெரிந்தது. மாமனார் டப்பாவிலோ எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று வேர் மூக்கு நீட்டியிருந்தது! தன்னை மறந்து கைதட்டிவிட்டாள்.

சத்தம் கேட்டு மேலதிகாரி ஓடிவந்தார். "தோல்ல ஒரு கீறல்கூட இல்லையே! எந்த மெஷின்ல சுத்தம் பண்ணீங்க?"

"எங்க மாமனார், சார்."

அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மரத்தில் பிந்திப் பழுத்த கொஞ்சப் பழங்களை வரவழைத்து, மெத்தென்ற ஸ்பாஞ்சில், தண்ணீருக்கடியில் வைத்துத் தேய்த்தார்கள். அதுவும் பலித்தது.

மழைக்காலத்தில் கன்றுகள் மலையேறின. ஒன்று மட்டும் வீட்டுக் கொல்லையில் நின்றது.

"இது எப்போம்மா காய்க்கும்?" என்றார் மாமனார்.

"பத்து வருஷமாவது ஆகும், மாமா."

"ஆகட்டும். எனக்கு என்ன, வண்டிக்கா நேரமாச்சு?" என்று சொல்லி வாளியை எடுத்தார்.