மூன்று விரல் குதிரையும் டெலி மட்டக்குதிரையும்

அப்துல் கையூமால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த பதினேழு வருஷத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகில் மூட்டை சுமந்தார், தேக்காவில் மாட்டுத் தீவனம் விற்றார், பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வண்டிக் கொட்டகையில் ஆறு வருஷம் குதிரை பார்த்தார். கடைசியாக அரப் ஸ்திரீட்டில் நாகூர் கனி என்பவரின் கடையில் மோதிரக் கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார். கைவேலை சுத்தம். ஆனால் மணிக்கு ஒரு தரம் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார்.

"உங்க காலுக்குள்ள எறும்பு ஏதும் இருக்கா?" என்று கனி கேட்பார்.

"இருக்கு முதலாளி. கூடு கட்டியிருக்கு."

1908ஆம் வருஷம் அந்த எறும்பு நெஞ்சுக்கு ஏறியது. கையூமுக்கு ஒரே மகள், சம்சுன்னிசா, பதினோரு வயசு. எட்டு வயசில் குளிர்காய்ச்சல் கண்டு ஏறக்குறைய ஒரு வருஷம் பாயில் கிடந்தாள். எழுந்தபோது பழைய சட்டைகள் எல்லாம் அப்படியே பொருந்தின. அதன் பிறகும் அவள் வளர்கிறாளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கத்து அறையில் குடியிருந்த தங்கத்தின் மகளுக்கும் அதே வயசுதான். அவள் தோளுக்குத்தான் சம்சுன்னிசா வந்தாள். கையூம் இரண்டு வைத்தியரிடம் காட்டினார், கம்போங் என்கிற மலாய்க் குடியிருப்பில் ஒரு மந்திரக்காரரிடமும் காட்டினார். மீன் எண்ணெய் கொடுத்தார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"பிள்ளைய இப்படி முறைச்சுப் பார்க்காதீங்க," என்றாள் அவர் மனைவி ரபியா. "நீங்க பார்க்கிற பார்வையிலேயே அவ குறுகிப்போறா."

அந்த வருஷம்தான் எமிலி மலையில் குடியிருந்த டாக்டர் கிரான்ஸ்டன் கடைக்கு வந்தார். முன்பு பஞ்சாபில் பட்டாளத்து டாக்டராக இருந்தவர். கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு பொருளை மேசைமேல் வைத்தார். பார்த்தால் எலும்பு, தூக்கினால் கல்.

"இதைக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்க்க ஆள் உண்டா?" என்று சந்தை மலாயில் கேட்டார்.

கனி கையூமைக் காட்டினார். ஒருவேளை, இவர் கொஞ்ச நாள் வேறெங்காவது நடக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்தில் பெட்டி பெட்டியாக எலும்பு இருந்தது. எல்லாம் பஞ்சாப் மலையடிவாரத்தில் தோண்டியவை. ஒரு காலுக்கு மூன்று விரல் கொண்ட குதிரைகளுடையவை. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன் அவை மந்தை மந்தையாக மேய்ந்தன, இப்போது உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்றார் டாக்டர். கையூம் ஒரு கால் எலும்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். குதிரைக் காலைத் தடவி ஆறு வருஷம் பழகிய கைக்கு அது ஒன்றும் அந்நியமாக இல்லை.

வேலை பொல்லாத வேலை. எலும்பிலிருந்து ஒரு வில்லை அறுத்து, மரப்பிசின் வைத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, குருந்தக் கல்லின் பொடியில் தேய்க்க வேண்டும். அடியில் வைத்த எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். நாலு தேய் கூடினால் கண்ணாடி மட்டும்தான் மிஞ்சும். முதல் மூன்று வில்லைகள் அப்படித்தான் போயின. நடுநடுவே தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நாலாவது வில்லை நின்றது.

டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, "நீயே முதலில் பார்," என்றார்.

உள்ளே சின்னச் சின்னத் துளைகள். சிலவற்றைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கு. எலும்பின் வெளிப்பக்கம் போகப் போக, பட்டை பட்டையாக, ஒவ்வொரு பட்டைக்கும் இடையே ஒரு கறுத்த கோடு.

"துளையெல்லாம் ரத்தம் ஓடின வழி," என்றார் டாக்டர். "வேகமாக வளர்கிற எலும்பில் நிறைய இருக்கும். கோடு, வளர்ச்சி நின்ற இடம். புல் காய்ந்த காலம். வருஷத்துக்கு ஒரு கோடு என்று நினைக்கிறேன். சத்தியம் பண்ணமாட்டேன்."

இரண்டாவது கோடு மற்றதைவிடத் தடிப்பாக இருந்தது. அந்தக் குதிரை ஏதோ பெரிய கஷ்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த பட்டையோ நல்ல அகலம்.

கையூம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நின்னது மறுபடி வளருமா துவான்?" என்று, துரைக்கான மலாய்ச் சொல்லில் கேட்டார்.

"இந்தக் குதிரைக்கு வளர்ந்திருக்கிறது."

அன்று மலையிலிருந்து ஏறக்குறைய ஓட்டமாகத்தான் இறங்கினார். ரபியாவிடம் சொன்னார், தங்கத்திடம் சொன்னார், தெருவில் எதிர்ப்பட்ட ரிக்‌ஷாக்காரரிடமும் சொன்னார். ஒரு மாசம் வீட்டில் நிம்மதி இருந்தது.

பிறகு அந்தச் சின்ன எலும்பு வந்தது. மற்றக் குதிரைகளின் கால் எலும்பில் முக்கால் அளவுதான் இருக்கும். அது ஒரு குட்டியினுடையது என்று டாக்டர் ஏற்கெனவே லண்டனில் உள்ள ஓர் அறிஞருக்கு எழுதியிருந்தார். கையூம் அதைத் தேய்த்துப் பார்த்தார். ஓரத்தில் துளை அபூர்வம். கோடுகளோ மூடிய புத்தகத்தின் தாள் விளிம்பு போல நெருங்கிக் கிடந்தன.

"இது குட்டி இல்லை துவான். வளர்ந்து முடிஞ்ச குதிரை. சுமத்ராவிலேருந்து வர்ற டெலி மட்டக்குதிரை மாதிரி, ஜாதியே சின்னது."

டாக்டரின் முகம் சிவந்தது. "நான் இருபத்தைந்து வருஷமாக எலும்பு பார்க்கிறவன். நீ தேய்க்க வந்தவன். இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ."

கையூம் வீட்டுக்குப் போகவில்லை. பந்தயத் திடலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். அவமானம் ஒரு பக்கம். ஆனால் அதைவிட வேறொன்று அரித்தது. சின்னதாக இருந்தும் வளர்ந்து முடிந்துவிட்டது என்றால், சம்சுன்னிசா எது? நின்று மறுபடி வளரப்போகிறவளா, இவ்வளவுதானா?

கால் தானாகப் பழைய கொட்டகைக்குப் போனது. அங்கே குதிரைக்காரராக இருந்த முகைதீன் அவருடைய கூட்டாளி. கஞ்சில் என்ற டெலி மட்டக்குதிரை வயிற்றுவலியில் செத்துப்போனதை அவர்தான் சொன்னார். சுமத்ராவிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் கஞ்சிலுக்குத் தண்ணீர் காட்டியவர் கையூம். அதே மாசம் ஆஸ்திரேலியக் குதிரை ஒன்றின் குட்டியும் நாலு மாச வயசில் செத்திருந்தது. டாக்டருக்குக் காட்ட இரண்டின் முன்னங்கால் எலும்பையும் கேட்டு வாங்கினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கிழட்டு மட்டக்குதிரையின் எலும்பும் பெரிய ஜாதிக் குட்டியின் எலும்பும் ஏறக்குறைய ஒரே நீளம்.

ரபியா பானையைத் தர மறுத்தாள். "குதிரை எலும்பு வெந்த பானையில நாளைக்கு மீன் ஆணமா காய்ச்சுவேன்?"

"புதுப் பானை வாங்கித் தர்றேன்."

"அதுலயும் எலும்புதான் வேகும். எனக்குத் தெரியாதா?"

கடைசியில் ஒரு தகர டின்னில் வேகவைத்தார். வெயிலில் காயவைத்து, அறுத்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து தேய்த்தார். சம்சுன்னிசா பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன வாப்பா தெரியும்?"

"வளர்ந்து முடிஞ்சுதா, இன்னும் வளருமான்னு தெரியும்."

அவள் ஒரு கண்ணாடித் துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் குதிரையெல்லாம் செத்த பிறகு அறுத்துத்தானே தெரிஞ்சுது?"

"ஆமா."

"அப்ப என்னோடது தெரிய வேணாம்," என்றாள். சொல்லிவிட்டுத் தங்கத்தின் மகளோடு விளையாடப் போய்விட்டாள்.

கையூமின் கை நின்றது. குருந்தப் பொடி விரலில் ஒட்டியபடியே எழுந்து கல்லாங் ஆறு வரை நடந்தார். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து தான் பார்த்தது பிள்ளையை இல்லை, அவளுடைய அளவைத்தான் என்று அங்கேதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் அவருக்கு லேசாக இருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டு கண்ணாடித் துண்டுகளோடு மலையேறினார்.

"எது குட்டி, எது கிழடுன்னு துவானே சொல்லுங்க. நான் வாயைத் திறக்கலை."

டாக்டர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். முதல் கண்ணாடியில் ஓரம் வரைக்கும் துளை மயம். "குட்டி," என்றார். இரண்டாவதில் ஓரக் கோடுகள் நெருங்கிக் கிடந்தன. "கிழடு." பிறகு பெட்டியிலிருந்து அந்தச் சின்ன எலும்பின் வில்லையை எடுத்து வைத்தார். அதையும் கிழட்டு எலும்பின் வில்லையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று. கையூம் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தார்.

"உன் கிழட்டுக் குதிரைக்கு என்ன வயது?"

"பதினாலு. உயரம் என் நெஞ்சுக்கு வராது."

"நான் தப்பாக எழுதிவிட்டேன்," என்றார் டாக்டர். "அந்தக் கடிதம் இந்நேரம் சூயஸ் தாண்டியிருக்கும்." நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதி முடித்ததும், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வில்லைகளைச் செய்து கொடுத்தவர் அரப் ஸ்திரீட் அப்துல் கையூம் என்று எழுதிய வரியைப் படித்துக் காட்டினார். லண்டன்காரர் ஒப்புக்கொண்டு பதில் போட ஏழு மாசம் ஆனது.

சம்சுன்னிசா அடுத்த இரண்டு வருஷத்தில் நாலு விரற்கடை வளர்ந்தாள். அதோடு சரி, ரபியாவின் காதளவுக்குத்தான் வந்தாள். கையூம் அதைப்பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

1910இல் டாக்டர் சீமைக்குக் கப்பலேறினார். கையூம் மறுபடி கனி கடையில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பலில், வழியில் அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று முகைதீன் சொன்னார். மறுநாளே பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

"எத்தனை நாள்?" என்று கேட்டாள் ரபியா.

"போக வர ரெண்டு மாசம்னு சொல்றாங்க."

"அங்க குதிரை எலும்பு எதுவும் பொறுக்கிட்டு வராதீங்க," என்று சொல்லிவிட்டு, அவருடைய சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.