எண்ணெய் மிதக்காத தண்ணீர்

மழைக்குப் பிறகு ஆற்றைப் பார்த்து இன்றைக்கு மீன் கடிக்குமா என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் தறி நெய்துகொண்டிருந்தேன். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாது. தறி சும்மா கிடக்கும். நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு மேலகரம் பக்கம் சிற்றாற்றுக்குப் போய்விடுவேன். தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த நண்பரும் கூட வருவார்.

ஊரில் பெய்கிற மழையை வைத்து ஆற்றைக் கணக்கிட முடியாது. மலையில் பெய்ததுதான் ஆற்றில் வரும். ஏறுகிற தண்ணீர் சருகும் சுள்ளியும் கொண்டுவரும். இறங்குகிற தண்ணீர் பாறையில் ஈரக்கோடு விட்டுப் போகும். செக்கச்செவேலென்று ஓடினால் தூண்டில் போட்டுப் புண்ணியமில்லை. பால் குறைந்த டீ நிறத்துக்கு வரும்போது கெளுத்தி கடிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது.

எனக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஒன்று இருந்தது. சீசனில் மேலே குற்றால அருவிக்கு வருகிறவர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அந்த எண்ணெய் மேலகரம் வரை பாறை ஓரங்களில் மினுமினுத்துக்கொண்டு வரும். அருவியில் வெள்ளம் என்றால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். எண்ணெய் நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் இங்கே வந்துவிடும். இது ஓரிரு முறை பலித்தும் இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே நண்பரின் காதைப் புளிக்கவைத்திருந்தேன்.

ஒரு வருடம் ஆடியில் என் மனைவி டைபாய்டில் படுத்து எழுந்திருந்தாள். எழுந்திருந்தாள் என்று சொல்லக் கூடாது; காய்ச்சல் விட்டதே தவிர பாயை விட்டு எழவில்லை. கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். இனிமேல் சாப்பாடுதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிட்டால்தானே? இவள் தேற மாட்டாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே கூப்பிட்டாள்.

“மச்சான், ஆத்துக் கெளுத்தி கெடச்சா, புளிக்கொழம்பு வச்சு ரெண்டு வாய் திங்கலாம் போல இருக்கு.”

உடனே தையல்காரரிடம் ஓடினேன். “நாளைக்கு நான் வரல வே, அருவிக்குப் போணும்” என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை.

காலையில் தனியாகப் போனேன். தண்ணீர் அப்படியே டீ நிறம். நடு ஆற்றுப் பாறையில் ஏறி உட்கார்ந்து புழுவைக் கோத்துப் போட்டதுமே கயிறு வெட்டி இழுத்தது. அப்போதுதான் கவனித்தேன்: பாறை ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அருவியில் வெள்ளம் என்று முடிவுகட்டிவிட்டேன். பாறையில் ஈரக்கோடு நன்றாகத் தெரிந்தது, தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, சருகு ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் என் கண்டுபிடிப்புதானே எனக்குப் பெரிது. கடித்த மீனையும் இழுக்காமல், புழு டப்பாவைப் பாறையிலேயே போட்டுவிட்டு, விழுந்தடித்துக் கரையேறினேன்.

வெகுநேரம் காத்திருந்தேன். வெள்ளம் வரவில்லை. ரோட்டுக்கு வந்தால் தையல்காரர் ஈரத்தலையும் திருநீறுமாக எதிரே வருகிறார்.

“அருவியில வெள்ளமா?” என்றேன்.

“வெள்ளமா? நல்லா குளிச்சுட்டுல்லா வாரேன். அங்கன கூட்டம் சொல்லி முடியாது.”

“பின்ன எண்ணெயே காணல?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஆடி அமாவாசையும் அதுவுமா எவன் வே எண்ணெ தேப்பான்?”

மாதம் பிறக்க வானத்தில் பிறை தேடுகிற ஆள் நான். பிறைக்கு முந்தி வருகிற அமாவாசை என் புத்தியில் ஏறவில்லை. திரும்ப ஆற்றுக்கு ஓடினேன். அதற்குள் தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரிந்தது. மத்தியானம் வரை உட்கார்ந்தும் ஒரு மீன்கூடத் தொடவில்லை.

வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தால் பாய் காலியாகக் கிடக்கிறது. அடுப்படியில் சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பெற்ற உம்மா தடுத்தும் கேட்காமல் தானே அம்மியில் மசாலா அரைத்து உருட்டி வைத்திருந்தாள்.

“கெளுத்தி எங்க?”

நடந்ததைச் சொன்னேன்.

“எண்ணெ இல்லன்னு மீன விட்டுட்டு வந்தியளாக்கும்? ஆத்தப் பாக்கத் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிடுதிய. அரைச்ச மசாலாவ இப்ப ஒங்க தலையிலயா தேய்க்க?”

உம்மா கத்தரிக்காயையும் மாங்காயையும் வெட்டிப் போட்டுக் குழம்பைக் கூட்டிவிட்டாள். மனைவி தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய்க்கு ஒரு ஏச்சு. என் ஆறு, என் தூண்டில், என் எண்ணெய், ஒன்றையும் விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் செய்த கூத்தெல்லாம் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் தானே கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

நான் பதில் பேசவில்லை. பேசினால் ஏசுவதை நிறுத்திவிடுவாளோ, தட்டைத் தள்ளிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.